கொழும்பில் குடியிருக்க யாருடைய அனுமதி வேண்டும்?

கொழும்பில் தங்குவதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும் என்ற நினைப்பு எங்கள் ஆட்களிடமிருந்து இன்னும் முழுதாகப் போகவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவர், ஹற்றனிலிருந்து புடவைக்கடை வேலைக்கு வந்தவர், மட்டக்களப்பிலிருந்து வீசா அலுவலாக வந்து அப்படியே தங்கிவிட்டவர் என எல்லோரும், "இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலைக் கையில் வைத்திருக்கிறார்கள். படிப்பு, வைத்தியம், வேலை, வெளிநாட்டுப் பயணம் என்று ஏதோ ஒன்று. கொழும்பில் இருக்கப் பிடித்திருக்கிறது, அதனால் இருக்கிறேன் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வருவதில்லை. ஆனால் சட்டத்தின்படி அந்தப் பதிலே போதும்.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் 14 ஆம் உறுப்புரை, இலங்கைப் பிரஜை ஒவ்வொருவருக்கும் நாட்டுக்குள் நடமாடவும் தான் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் சுதந்திரம் தருகிறது. அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று அங்கே எழுதப்படவில்லை. சொந்த வீடு இருக்க வேண்டும், உறவினர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. 12 ஆம் உறுப்புரையையும் கூடச் சேர்த்து வாசிக்க வேண்டும். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து ஆகியவற்றோடு பிறந்த இடத்தை வைத்தும் பிரஜை ஒருவருக்குப் பாரபட்சம் காட்டக்கூடாது என்று அது சொல்கிறது. கொழும்பில் பிறக்காதவர் என்பதற்காக ஒருவரை அரச அலுவலகம் குறைத்து நடத்தினால், அது அரசியலமைப்பு பெயர் சொல்லித் தடுத்த காரியம்.

எல்லை இல்லாத உரிமை அல்ல இது. தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாடு சட்டத்தின் வழியே வர வேண்டும். சந்தியில் நிற்கும் ஒரு உத்தியோகத்தரின் விருப்பம் சட்டமாகாது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைக் கொழும்பு 2007 இல் நேரில் பார்த்தது.

அந்த ஆண்டு ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை போன்ற இடங்களில் இருந்த லொட்ஜ்களுக்குள் பொலிஸார் நுழைந்தார்கள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருக்கும் தமிழர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே பொலிஸ் தரப்பு சொல்லியிருந்தது. உள்ளே இருந்தவர்களுக்குப் பைகளைக் கட்டச் சில நிமிடங்களே கிடைத்தன. 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வைத்தியத்துக்கு வந்தவர்களும் அதில் இருந்தார்கள், வீசாவுக்காகக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் சுமத்தப்படவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் தமிழராக இருந்துகொண்டு கொழும்பில் ஒரு அறையில் தூங்கியது மட்டும்தான்.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற சிவில் அமைப்பு உடனே உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த நாளே, ஜூன் 8 இல், இப்படி வெளியேற்றுவதை நிறுத்தும்படி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்ப அழைத்து வரப்பட்டார்கள். அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க, நடந்தது தவறு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கொழும்பில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரே நாளில் இந்தத் தடை வந்தது என்பதை நான் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன். காகிதத்தில் கிடக்கும் உரிமையை யாராவது எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறினால்தான் அதற்கு உயிர் வருகிறது.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அடுத்த ஆண்டே, கடந்த ஐந்து வருடங்களுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வளர்ந்த ஒரு தலைமுறை இன்று பிள்ளைகளைப் பெற்றிருக்கிறது. அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேட்கும் அதிகாரம் பழைய பொலிஸ் கட்டளைச் சட்டத்தில், அதாவது 1865 இல் வந்த சட்டத்தில், இருக்கிறது. அப்படிக் கேட்டால் விபரம் கொடுக்கலாம். ஆனால் விபரம் கொடுப்பதும் அனுமதி வாங்குவதும் வேறு வேறு. பதிந்தால்தான் தங்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒரு வீதியில் தமிழர் அல்லது முஸ்லிம்களின் வீட்டுக் கதவுகள் மட்டும் தட்டப்பட்டால், அங்கே 12 ஆம் உறுப்புரையின் கேள்வி எழுகிறது.

இதே சுதந்திரம்தான் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோதும் பறிக்கப்பட்டது. அப்படி வந்தவர்களில் சிலர் கொழும்பிலும் வாழ்கிறார்கள். கொழும்பில் எங்களுக்கு இருக்கும் உரிமையைப் பேசும் வாய், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் அவர்களுக்கு இருக்கும் உரிமையையும் பேச வேண்டும்.

பிரஜை என்ற அந்த ஒரு நிபந்தனை

குடியிருக்கும் சுதந்திரம் பிரஜைகளுக்கு என்று சொன்னேன். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையக மக்களுக்கு இந்த நிபந்தனையின் கனம் நன்றாகத் தெரியும். 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். நேரு அந்த ஜூலையில் கொழும்புக்கு வந்ததும், இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடங்கியதும் அந்தச் சூழலில்தான். துறைமுகத்திலும் மாநகர சபைத் துப்புரவு வேலையிலும் இருந்தவர்களுக்கு, நகரம் எங்கள் உழைப்பை வைத்துக்கொண்டு எங்களை வேண்டாம் என்கிறதே என்ற கசப்பு அப்போதே தொடங்கிவிட்டது. பிறகு 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரை இரண்டு நாடுகளுக்குப் பங்கு பிரிப்பது பற்றியது. யாரையும் கேட்டுச் செய்த பங்கு அல்ல அது.

1978 அரசியலமைப்பு எழுதப்பட்டபோதும் நாடற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக 14 ஆம் உறுப்புரையில் ஒரு தனி ஏற்பாடு வைத்தார்கள். வேறு நாட்டுப் பிரஜை அல்லாத, இங்கே நிரந்தரமாகவும் சட்டப்படியும் வாழ்ந்துவந்த ஒருவருக்கும் இந்தச் சுதந்திரங்கள் உண்டு, ஆனால் பத்து வருடங்களுக்கு மட்டும். நடமாடும் உரிமைக்கு ஒரு முடிவுத் திகதி! 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால்தான் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஆக, இன்று செட்டியார் தெரு நகைக்கடையில் நிற்கும் ஒரு மலையக இளைஞனின் பாட்டி, நாடற்றவராகப் பல வருடங்கள் வாழ்ந்தவராக இருக்கக்கூடும். அந்தக் குடும்பத்துக்குக் கொழும்பில் இருப்பதற்குப் பத்திரம் கேட்டால் நெஞ்சு படபடப்பது ஏன் என்று நான் விளக்கத் தேவையில்லை.

நகர உரிமை

உலகெங்கும் ஆய்வாளர்களும் தொழிற்சங்கங்களும் பேசும் ஒரு கருத்து உண்டு. நகரத்துக்கான உரிமை அல்லது சுருக்கமாக நகர உரிமை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஆன்றி லெஃபெவ்ர் 1968 இல் இதை முன்வைத்தார். நகரத்தைத் தினமும் தங்கள் வாழ்வாலும் உழைப்பாலும் உண்டாக்குகிறவர்களே அதைப் பயன்படுத்தவும், அது எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் பங்கெடுக்கவும் உரிமை உள்ளவர்கள் என்பதே இதன் சாரம். காணி உறுதி யாரிடம் இருக்கிறது, யார் முதலில் வந்தார்கள் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். பிரேசில் 2001 இல் இந்தக் கருத்தை ஒட்டி நகரங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது.

கொழும்புக்கு இது நன்றாகப் பொருந்தும். மாநகர சபை எல்லைக்குள் எந்த ஒரு சமூகமும் தனியே பாதிக்கு மேல் இல்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் என்று எல்லோரும் சேர்ந்து கட்டிய ஊர் இது, அவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு காலத்தில் வேறெங்கிருந்தோ வந்தவர்களே. புறக்கோட்டையில் நாட்டாமை வேலை செய்கிறவர் அதிகாலையில் மூட்டை இறக்காவிட்டால் அன்று இந்த நகரத்துக்கு வெங்காயமும் பருப்பும் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் கோட்டை ரயில் நிலையத்திலும் பஸ்தியன் மாவத்தையிலும் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், கொழும்பை இயக்குகிறவர்களில் எத்தனை பேர் மலைநாட்டுக்காரர்கள் என்று புரியும்.

சரி, இவ்வளவு பேரும் கொழும்பின் கணக்கில் இருக்கிறார்களா? பலர் இல்லை. என் பார்வையில் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

நடைமுறையில் ஒருவர் இந்த நகரத்தவர் என்பதை முடிவு செய்வது அவருடைய முகவரி. கிராம உத்தியோகத்தர், நாங்கள் ஜீ.எஸ். என்று கூப்பிடுகிறவர், கொடுக்கும் வதிவிடச் சான்றிதழ் இல்லாமல் பல அலுவல்கள் நகராது. அவர் அதைக் கொடுக்க முதலில் பார்ப்பது வாக்காளர் இடாப்பை. இடாப்பில் பெயர் வர, வீட்டுக்கு வரும் படிவத்தில் வீட்டுக்காரர் உங்கள் பெயரை எழுத வேண்டும். போர்டிங் வீட்டுக்காரர் பெரும்பாலும் எழுத மாட்டார். பிறகு அறையை விட்டுப் போக மறுப்பார்களோ, வாடகை வருமானம் வெளியே தெரியுமோ என்ற பயம். அறைக்கு எழுத்து ஒப்பந்தமும் இல்லை, வாடகைக்குப் பற்றுச்சீட்டும் இல்லை. இப்படிப் பத்து வருடம் ஒரே வீதியில் வாழ்ந்தவர் காகிதத்தின்படி இன்னும் ஊரில் இருக்கிறார். அரசியலமைப்பு கேட்காத அனுமதியை ஒரு போர்டிங் முதலாளி கேட்பது போல ஆகிவிடுகிறது.

இதன் அடி மெதுவாகத்தான் தெரியும். பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அருகில் பெற்றோர் எத்தனை வருடம் வாக்காளராகப் பதிந்திருந்தார்கள் என்பதற்குப் புள்ளி போடுகிறார்கள். வீட்டு உறுதி இருந்தால் அதற்கும் புள்ளி. வாடகை அறையில் இருக்கும் தாயும் தகப்பனும் அந்தப் புள்ளிப் பட்டியலின் அடியில் நிற்கிறார்கள். மாநகர சபைத் தேர்தல் வந்தால், குப்பை, தண்ணீர், கழிப்பறை பற்றி அதிகம் பேச வேண்டியவர்களுக்கு அங்கே வாக்கு இல்லை. அவர்கள் வாக்குப் போட நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ பஸ் ஏறுகிறார்கள். வாக்கில்லாத அறைக்காரருக்காக எந்த வேட்பாளர் மெனக்கெடுவார்?

வீட்டு வாடகையில் இன்னொரு ஓட்டையும் உண்டு. "தமிழருக்குக் கொடுப்பதில்லை", "முஸ்லிம்களுக்குக் கொடுப்பதில்லை" என்று ஒரு வீட்டுச் சொந்தக்காரர் சொன்னால் என்ன செய்யலாம்? கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், பொழுதுபோக்கு இடங்கள், ஒருவரின் சொந்த மதத்து வழிபாட்டிடங்கள் ஆகியவற்றில் யாரையும் இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகத் தடுக்கக்கூடாது என்று 12 ஆம் உறுப்புரை சொல்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு இல்லை. அதோடு அடிப்படை உரிமை மனு என்பது அரச நிறைவேற்று, நிர்வாக நடவடிக்கைக்கு எதிரானது. தனியார் ஒருவரின் மறுப்பு அதற்குள் வராது. இந்த இடத்தில் எங்களுக்குப் புதிய சட்டம் தேவை, அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வேலைத் தலத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே முகவரி தேவையில்லை, வேலை செய்தாலே உரிமை வருகிறது. 1954 இன் கடை, அலுவலக ஊழியர் சட்டம் புறக்கோட்டைக் கடைப் பொடியனுக்கும் பொருந்தும். வழமையான வேலை நேரம் நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு நாற்பத்தைந்து. அதற்கு மேல் நின்றால் மேலதிகக் கொடுப்பனவு. விடுமுறை உண்டு. வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டிய கடமை முதலாளிக்கு உண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியிடமிருந்தும் 12 வீதம் முதலாளியிடமிருந்தும் போக வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் போட வேண்டும். தற்காலிக ஆள் என்றோ, ஊரிலிருந்து வந்த ஆள், எப்போது போவாரோ தெரியாது என்றோ சொல்லி இதைத் தட்டிக்கழிக்க முடியாது. சாப்பாடும் படுக்கையும் கடையிலேயே கொடுக்கிறோம் என்பது ஈ.பி.எஃப். கட்டாததற்குக் காரணமாகாது. கட்டவில்லை என்றால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். அதன் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது.

ஆனால் வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் இந்தக் குடைக்கு வெளியே நிற்கிறார்கள். தோட்டங்களிலிருந்து கொழும்பு வீடுகளுக்குச் சமைக்கவும் பிள்ளை பார்க்கவும் போகும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நடப்பது. சேமலாப நிதிச் சட்டம் அவர்களை உள்ளே எடுக்கவில்லை. 2016 இல் வந்த தேசிய குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் வீட்டுப் பணியாளர்களை வெளியே விட்டது. பல வருடம் ஒரே வீட்டில் உழைத்துவிட்டு முதுமையில் ஒரு சேலையும் கொஞ்சக் காசும் வாங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிற பெண்களை மலையகத்தில் எங்கும் பார்க்கலாம். இதை யாரும் குற்றம் என்று சொல்வதில்லை, சட்டப்படி குற்றம் இல்லாததால். பிள்ளைகளை வேலைக்கு வைக்கும் வயது மட்டும் 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. அதை மீறினால் அது தெளிவான குற்றம், பொலிஸில் முறையிடலாம்.

ஒரு காலத்தில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்கூட இன்னும் தற்காலிக ஆட்களாகவே நடத்தப்படுகிறார்கள் என்பதற்குக் கொழும்பின் தோட்டங்களே சாட்சி. இங்கே தோட்டம் என்றால் தேயிலை அல்ல, ஒரு சிறு காணியில் நெருங்கிய வீடுகள், பொதுக் குழாய், ஒரு ஒடுங்கிய ஒழுங்கை. வனாத்தமுல்லை, கொம்பனித்தெரு, கிராண்ட்பாஸ், மட்டக்குளி எங்கும் இருக்கின்றன. துறைமுகத்துக்கும் மாநகர சபைக்கும் உழைத்தவர்கள் அங்கே குடியேறினார்கள். 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் இருபது வீடுகள்வரை இடிக்கப்பட்டன. பிறகு தெமட்டகொடை, ஹேனமுல்லை, மட்டக்குளி போன்ற இடங்களில் எழும்பிய மாடிகளுக்குப் பல ஆயிரம் குடும்பங்கள் மாற்றப்பட்டன. அங்கே தண்ணீரும் தனிக் கழிப்பறையும் கிடைத்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கே போக விருப்பம் என்று அவர்களைக் கேட்டார்களா? ஒரே வீட்டு இலக்கத்தில் மூன்று குடும்பங்கள் இருந்தால் மற்ற இரண்டும் எங்கே போகும்? இடியப்பம் அவித்து வாசலில் விற்ற பெண், பத்தாம் மாடியில் யாருக்கு விற்பார்? நகர உரிமையின் இரண்டாவது பாதி, தீர்மானத்தில் பங்கு, இங்கேதான் காணாமல் போகிறது. வீட்டு வசதி பற்றி அரசியலமைப்பில் ஒரு வரி இருக்கிறது, அரச கொள்கை வழிகாட்டிக் கோட்பாடுகளில். அதை வைத்து வழக்குப் போட முடியாது.

மொழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பில் எந்த அரச அலுவலகத்திலும், பொலிஸ் நிலையம் உட்பட, தமிழில் அலுவல் செய்யவும் தமிழில் பதில் பெறவும் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிட வேண்டாம்.

வெளிநாட்டவரும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். கட்டடங்களில் வேலை செய்யும் இந்திய, வங்கதேச இளைஞர்கள் உண்டு, புகலிடம் தேடி வந்த பாகிஸ்தானியர், ஆப்கானியர் உண்டு. 14 ஆம் உறுப்புரை அவர்களுக்கு இல்லை. ஆனால் சட்டத்தின் முன் சமம் என்ற வாசகம் பிரஜைகளுக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை, எல்லா ஆட்களுக்கும் என்றே எழுதப்பட்டிருக்கிறது. புலம்பெயர் தொழிலாளர் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தில் இலங்கை 1996 இல் சேர்ந்தது. மத்திய கிழக்கில் எங்கள் பெண்களுக்கு நாம் கேட்கும் நடத்தையை இங்கே வந்தவர்களுக்குக் கொடுக்கும் கடமையும் அதில் அடக்கம்.

அரச தரப்பால் உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். பலர் தோற்பது இந்த ஒரு மாதத்தில்தான். ஊருக்குப் போய், பெரியவர்களிடம் பேசி, சட்டத்தரணி தேடி முடிவதற்குள் காலம் போய்விடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. தமிழில் எழுதிக் கொடுக்கலாம், 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையும் இலக்கத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டிங் வீட்டுக்காரர் படிவத்தில் பெயர் எழுத மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டாம். வாக்காளர் பதிவுக்குச் சட்டம் பார்ப்பது ஒருவர் வழமையாக எங்கே வசிக்கிறார் என்பதைத்தான், வீடு யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல. பதிவு நடக்கும் காலத்தில் நேராக ஜீ.எஸ்.ஸிடம் போய்ப் பேசுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கடிதம், அந்த முகவரிக்கு வந்த தபால் எது இருந்தாலும் கொண்டு போங்கள். இடாப்பின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது உங்கள் பெயர் இல்லையென்றால், சேர்க்கும்படி கோரிக்கை விண்ணப்பம் கொடுக்கலாம். ஊரிலுள்ள பெயர் அப்போது நீக்கப்படும், இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அம்மா அப்பாவுக்கு அது கொஞ்சம் மனக்கஷ்டமாக இருக்கும், அதனால் அவர்களோடு முன்கூட்டியே பேசிவிட்டு வாருங்கள்.